மூன்றையும் திறந்து வையுங்கள்

ஜெனரேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வரும்: "இது எவ்வளவு நேரம் தாங்கும்?" திருச்சித் தென்னூரில் கேட்பார்கள், கே.கே. நகரில் கேட்பார்கள். மருங்காபுரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கேஸில் ஓடும் ஜெனரேட்டர் நம் ஊர் வீடுகளுக்கு வந்த புதிதில் எல்லோருக்குமே அது ஒரு அதிசயம். வெளிநாட்டில் புரொபேன் தொட்டியைத் தோட்டத்தில் நிறுத்திவிடுகிறார்களாம். நாம் ஓட்டல்காரர்கள் வாங்கும் பெரிய சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே குழாயில் சேர்த்து, எஞ்சினுக்கு விடுகிறோம். மொத்தம் எத்தனை கிலோ, மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்று வகுத்துப் பார்த்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நானும் முதல் வாரமே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பெருமையாக சீனியரிடம் நீட்டினேன். அவர் பெயர் வேண்டாம், சொன்னால் இப்போதுகூடப் போன் போட்டுத் திட்டுவார். தாளைப் பார்க்காமலே கேட்டார்: "உள்ள எவ்வளவு இருக்குன்னு எழுதியிருக்க. ஒரே நேரத்துல எவ்வளவு குடுக்கும்னு எங்க?"

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சிலிண்டருக்குள்ள இருக்கிறது தண்ணி மாதிரி திரவம்மா. அது கொதிச்சு ஆவியானாத்தான் எஞ்சினுக்குச் சோறு. கொதிக்கச் சூடு வேணும். அந்தச் சூட்டை இரும்பு வழியா வெளிக்காத்துலேருந்து வாங்குது. அவசரப்படுத்தி இழுத்தா சிலிண்டர் விறைச்சுப் போயிடும். பாதிக்கு மேல இருக்கும், ஒண்ணும் வராது. எஞ்சினுக்கு நாளைக் கணக்கு எல்லாம் தெரியாது. அதுக்கு வேண்டியது அடுத்த மூச்சு."

இவ்வளவுதான் பாடம். மீதியெல்லாம் வசவு. ஆனால் ஒன்று, அவர் மற்ற எல்லோரையும் திட்டுகிற அளவுக்குத்தான் என்னையும் திட்டினார். சர்வீஸ் செக்‌ஷனில் நான் ஒருத்திதான் பெண். போகிற வீடுகளில் "ஆம்பளை யாரும் வரலையா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "வந்திருக்கிறது பொம்பளைன்னு ஜெனரேட்டருக்குத் தெரியாது சார். நீங்க சொல்லாம இருந்தாச் சரி" என்பேன். அப்புறம் காப்பி வரும்.

கே.கே. நகரில் ஒரு வீட்டுக்காரர் சிலிண்டர்களை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாஸ்துப்படி கேஸ் என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் தென்கிழக்கு. அவர் வீட்டுத் தென்கிழக்கில் இருந்ததோ தண்ணீர்த் தொட்டிப் பள்ளம். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எடுத்துச் சொன்னேன். "நீங்க பாய் வீட்டுப் பொண்ணு, உங்களுக்கு வாஸ்து தெரியாது" என்றார். "தெரியாதுதான் சார். ஆனா அக்னி மூலைன்னு எழுதி வெச்சவருக்கு கேஸ் சிலிண்டர் தெரியாது" என்றேன். ஆர்டர் போயிற்று. போகட்டும். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவர் நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அதைச் சொல்வதற்கு என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மச்சான் குவைத்தில் இருந்தார். எங்கள் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. கல்யாணமான மறு வருஷம் போனவர். "ரெண்டே வருஷம்" என்று சொல்லிப் போனார். பிறகு மாடி எடுக்க இரண்டு வருஷம், மகள் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று எப்போதும் இன்னும் இரண்டு வருஷம். விடுமுறைக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பதற்குள் கட்டுகிற நாள் வந்துவிடும். தினமும் போன் செய்வார். எடுத்ததும் முதல் கேள்வி, "கரண்ட் இருக்கா?" கரண்ட் போனால் எனக்கு வேலை வந்துவிடும், பேச நேரம் இருக்காது, அதனால் கேட்கிற கேள்வி. போகப் போக அதுவே எங்களுக்கு நலம் விசாரிப்பாகிவிட்டது. "இருக்கு மச்சான்" என்பேன். "அப்பச் சரி" என்பார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, மகள், மழை எல்லாம். நான் ஒருநாளும் அவரை வாங்க என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அங்கே அவருக்குத் தூக்கம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆசை இல்லாமல் இல்லை. தலையணைக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு மாமாவும் மாமியும், இருவர் மட்டும். மாமி பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாமாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இராப்பகலாக ஓட வேண்டும். அது நின்றால் மாமாவின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பிக்கும். கனடாவில் இருக்கும் மகள்தான் ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்தாள். அந்தப் பெண் வீடியோவில் கேட்ட முதல் கேள்வியும் அதே கேள்விதான், எவ்வளவு நேரம் தாங்கும். நான் சீனியரின் கணக்கைப் போட்டேன். எஞ்சின் சிறியது, ஒரு சிலிண்டரே அரை நாளுக்கு மேல் வரும். ஆனால் ஒரு சிலிண்டரால் அந்த வேகத்துக்கு ஆவி கொடுக்க முடியாது. அதனால் மூன்று வைத்து, மூன்றும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும்படி குழாய் போட்டேன்.

"மாமி, மூணு வால்வும் எப்பவும் திறந்தே இருக்கட்டும்" என்று கையால் தொட்டுக் காட்டினேன்.

"இருக்கட்டும்மா" என்றார் மாமி. உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்: "அவள் தலையாட்டினா நம்பாதே. நாப்பது வருஷமா எனக்கும் தலையாட்டிண்டுதான் இருக்கா."

நான் சிரித்தேன். நம்பிவிட்டும் வந்தேன்.

ஒரு ஐப்பசியில் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கம் பக்கம் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்து, விடியற்காலையிலிருந்தே கரண்ட் இல்லை. காலையில் தென்னூர் ஆபீஸில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தபோது மாமி கூப்பிட்டார்.

"ஏம்மா, சிலிண்டர் ஒண்ணு குளிர்ந்துடுத்து. எஞ்சின் இழுத்துண்டு ஓடறது."

நான் அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. விளக்கு அணைந்தது என்று அந்த வீடுகளில் சொல்ல மாட்டார்கள், குளிர்ந்தது என்பார்கள். அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டிலும் படி அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம், "பரக்கத்" என்போம், பெருகட்டும் என்று. இல்லை என்ற சொல்லுக்கு எல்லா வீட்டிலும் பயம்தான். ஆகவே சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்பதை மாமி மங்களமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றில் ஒன்று முந்திக்கொள்வது உண்டு.

"தீர்ந்த வால்வை மூடிடுங்க மாமி. மத்தது ஓடும்" என்றேன். அடுத்த போனுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் மாமி. "இதுவும் குளிர்ந்துடுத்தும்மா. மூணாவதைத் தெறந்திருக்கேன். இவருக்கு விரல்ல மாட்டியிருக்கோமே, அந்த ஆக்ஸிஜன் நம்பர் எறங்கறது. எஞ்சின் விட்டு விட்டு ஓடறதோன்னோ, மெஷின் நின்னு நின்னு பிடிக்கறது."

இரண்டு சிலிண்டர் அதற்குள் தீர வழியே இல்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"லீக்தான் மேடம். வேற என்ன? உடனே எல்லாத்தையும் மூடச் சொல்லுங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னது தப்பில்லை. புத்தகத்தைத் திறந்தால் அதைத்தான் சொல்லும். ஆனால் மூடினால் மெஷின் நிற்கும். அவர்களிடம் இருந்த கையடக்க ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஏற்கெனவே பாதி போயிருந்தது. ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வரவேண்டுமானால் முதலில் மாம்பழச் சாலையில் விழுந்து கிடந்த மரத்தை அறுக்க வேண்டும்.

"மாமி, கேஸ் நாத்தம் வருதா? கிட்டப் போய் மோந்து பாத்துச் சொல்லுங்க."

மாமி போனோடு கொல்லைக்குப் போவது கேட்டது. "மழை மண் வாசனைதாம்மா வரது. வேற ஒண்ணும் இல்லை."

"நாத்தம் வந்தா உடனே மூடிட்டு மாமாவோட வாசலுக்கு வந்துடுங்க. வரலைன்னா ஓடட்டும். நான் வரேன்" என்றேன். லைன் அறுந்துவிட்டது. மேனேஜர் என்னவோ சொன்னார். "சார், கசிஞ்சா நாறும். நாறலைன்னு சொல்றாங்க. கண்ணால பாக்காம அந்த மனுஷன் மூச்சை நான் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். காவிரிப் பாலம் முழுவதும் காவல் வேண்டி ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டேதான் போனேன். ரெயின்கோட்டுக்குள் மழையும் வியர்வையும் ஒன்றாகிவிட்டன. சரியாகத்தான் முடிவு செய்தேனா என்று பாலத்தின் நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. மரம் விழுந்த இடத்தில் வண்டியைச் சாய்த்து, கிளைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனேன்.

சந்துக்குள் நுழைந்ததும் எஞ்சின் சத்தம் கேட்டது. இழுப்பு வந்தவன் போல ஏறி இறங்கியது. நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நேரே கொல்லைக்குப் போனேன். சிலிண்டர்களைக் காணோம். தார்ப்பாய் போர்த்தி, மேலே சாக்கு சுற்றி, கயிறு கட்டி, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் மூடி வைத்திருந்தார் மாமி. முதலில் மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. சாக்கை இழுத்துவிட்டுக் கை வைத்தேன். தீப்பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டேன். ஓடிக்கொண்டிருந்த சிலிண்டரின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக உறைபனி. திருச்சியில் உறைபனி!

மாமி குடையோடு ஓடி வந்தார். "நான்தான் சொன்னேனேம்மா, குளிர்ந்துடுத்துன்னு."

"மாமி! குளிர்ந்துடுத்துன்னா ஜில்லுன்னு ஆயிடுச்சுன்னா சொன்னீங்க? தீர்ந்துடுச்சுன்னு சொல்லலையா?"

"தீர்ந்தா தீர்ந்துடுத்துன்னு சொல்லமாட்டேனா? இது என்ன பெருமாள் சந்நிதி வெளக்கா? இரும்பு! தொட்டேன், குளிர்ந்துடுத்து, சொன்னேன். தமிழ்தானேம்மா அது?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் டீச்சரிடம் தமிழுக்குப் பதவுரை கேட்டது நானாகத்தான் இருப்பேன்.

தார்ப்பாயை உருவி எறிந்தேன். மழை நேராகச் சிலிண்டர்கள் மேல் விழட்டும் என்று விட்டேன். மூன்று வால்வையும் திறந்தேன். மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கசிவில்லை. "மாமி, கிணத்துத் தண்ணி எடுத்து ஊத்துங்க. சுடுதண்ணி கூடாது, வெறும் தண்ணி" என்றேன். இருவரும் வாளி வாளியாக ஊற்றினோம். முதலில் மூடிய சிலிண்டர் இதற்குள் தானாகவே தேறியிருந்தது, அதில் முக்கால்வாசி கேஸ் அப்படியே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினின் தடுமாற்றம் குறைந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் ஒரே சீராகி அப்படியே நின்றது. உள்ளே மெஷினும் சீராக மூச்சுவிடுவது ஜன்னல் வழியே கேட்டது. மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு, துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மூணையும் திறந்து வைக்கச் சொன்னேனே மாமி" என்றேன். அதட்டத்தான் நினைத்தேன், கெஞ்சலாக வந்தது.

"அடுப்புக்கு ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்பேரா இருக்கும். அப்படித்தானே எல்லார் ஆத்துலயும் வழக்கம்? மூணும் சேந்து தீர்ந்துட்டா அப்பறம் இவருக்கு என்ன இருக்கு, சொல்லு. ஒண்ணொண்ணா வெச்சுண்டா ரெண்டு நாள் கூட வருமேன்னு மூடி வெச்சேன். நனையறதேன்னு போர்த்தி வெச்சேன்."

நம் ஊரில் இந்தத் தப்பைச் செய்யாத வீடு இல்லை. சமையலறையில் இரண்டாவது சிலிண்டரைத் தொடாமல் வைத்திருப்பதுதான் நமக்கு நிம்மதி. வெள்ளைக்காரன் எழுதிய கையேட்டில் இதற்கு எச்சரிக்கை இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்: திறந்து வைத்திருக்கிறீர்களா, மூடி வைத்திருக்கிறீர்களா?

மாமாவைப் பார்க்க உள்ளே போனேன். தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. சைகையால் உட்காரச் சொன்னார். மாமி ஈரப் புடவையோடு அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மாமா பேசுவதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

"நாளைக்கு மூச்சு வேணுமேன்னு... சேத்து வெச்சாளாம். இன்னிக்கு எனக்கு... மூச்சு முட்டித்து." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மாமி தலையைத் தடவிக் கொடுத்தார். "அசடு. நீ இருக்கறப்பவே... நான் மூச்சு விட்டுக்கறேன்."

நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். என் கண்ணீர் அவர்களுக்கு எதற்கு?

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் சிக்னல் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். கீழே ஆறு சேறும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. மச்சானுக்கு அங்கே வேலை நேரம். அந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே கிடையாது. எடுத்தவர், பதற்றத்திலும் பழக்கம் விடாமல், "கரண்ட் இருக்கா?" என்றார்.

"இல்ல மச்சான்."

"ஏன், என்ன ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு. பிள்ளைக்கு ஏதாவது?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீங்க வந்துடுங்க."

போனோடு ஸ்டோருக்கு வெளியே நடந்து வருவது கேட்டது.

"இன்னும் ஒரு ரெண்டு வருஷம்..."

"வேணாம். பிறகு, பிறகுன்னு எல்லாத்தையும் மூடி மூடி வெச்சது போதும். எனக்கு இப்ப முடியல மச்சான். நீங்க வேணும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. ஜெனரேட்டர் ஆபீஸ் ரெயின்கோட்டோடு, லாரி சேற்றை வாரியடிக்கும் பாலத்தில் நின்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் மெதுவாக, "இத ஏன் புள்ள இத்தனை நாளாச் சொல்லல?" என்றார்.

வந்துவிட்டார். வந்த புதிதில் இருவருக்கும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. ஃபேன் வேகத்துக்குச் சண்டை போட்டோம். நான் ஆபீஸிலிருந்து வரும்போது தேநீர் போட்டு வைத்திருப்பார், சர்க்கரை தூக்கலாக. ஸ்ரீரங்கத்துக்கு ஒருநாள் அழைத்துப் போனேன். மாமாவும் அவரும் கல்ஃப் வெயிலைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள். சேர்ந்து இரண்டு ரமலான் நோன்பு திறந்தோம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை முதலில் என் கையில் வைத்துவிட்டுத்தான் அவர் எடுப்பார். மூன்றாவது ரமலானுக்கு அவர் இல்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க மாமி தென்னூருக்கு ஆட்டோவில் வந்தார். அப்போது மாமாவும் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். வந்திருந்தவர்களெல்லாம், வந்து இரண்டு வருஷம்கூட நிம்மதியாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாள்னு எல்லாரும் கேக்கறா. கேக்கட்டும். தெறந்து வெச்சிண்டு இருந்தேளோல்லியோ ரெண்டு பேரும்?"

"இருந்தோம் மாமி" என்றேன்.

சிலிண்டர் கணக்கைக் கேட்கத்தான் நீங்கள் என்னிடம் வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள், சொல்லித்தருகிறேன். வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பும் முன் கொல்லைக்குப் போய் எல்லா வால்வையும் உங்கள் கையாலேயே திறந்துவிட்டு வாருங்கள்.

இப்போது எனக்கு வேலை இல்லை. கரண்ட் போனால் எந்த போனும் அடிப்பதில்லை. ஆனாலும் ஃபேன் நின்று ஹால் அமைதியானதும் கை தானாகப் போனைத் தேடுகிறது. அவர் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பிறகு அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

"கரண்ட் இல்ல மச்சான்."